அம்மா முதல் பந்தியில் உட்கார்ந்த காரணம்

1

வடிவு, சங்கரா, இது உங்கள் இரண்டு பேருக்கும் அப்பா எழுதுவது. கடிதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கடிதம் என்றால் சுகம் விசாரித்து நாலு வரியில் முடித்துவிடுவேன். இது நீளம். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு ஒரே மூச்சில் எழுத வராது. அதனால் நம்பர் போட்டு, வேலை விட்டு வந்து சாயா குடித்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். நீங்களும் அப்படியே படியுங்கள். சித்தியிடம் வலியப்போய்ப் படித்துக் காட்ட வேண்டாம். கேட்டால் கொடுங்கள், மறைக்க வேண்டாம்.

அம்மாவுக்கு ஆபரேஷன் ஆகி இந்த மழையோடு ஒரு வருஷம். அதற்காகச் சந்தோஷமாக எழுதவேண்டியது. ஆனால் நான் எழுத உட்கார்ந்தது நீங்கள் தங்கிப் படிக்கிற சித்தப்பா வீட்டுக் காதுகுத்தில் நடந்ததற்காக.

அன்றைக்கு முதல் பந்திக்கு இலை போட்டதும் அம்மா, உங்கள் தங்கச்சி ராசாத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓரத்து இலையில் உட்கார்ந்தாள். சாம்பார் வாளியோடு வந்த சித்தி நின்றாள்.

"எக்கா, கொச்சியில பொம்பளைங்கதான் முதப் பந்தியோ? நாங்கள்லாம் பட்டிக்காடு, தெரியாமப் போச்சு."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அது போகட்டும். சித்திக்கு வாய் அப்படி. மனசில் ஒன்றும் இருக்காது, அடுத்த நிமிஷம் அப்பளம் இரண்டு சேர்த்து வைப்பாள். ஆனால் வடிவு, நீ பின்னால் வந்து அம்மா தோளைத் தொட்டு மெதுவாகச் சொன்னாயே, அதுவும் என் காதில் விழுந்தது.

"எம்மா, எந்திரி. எல்லாரும் பாக்காங்க."

அம்மா பாதி இலையில் எழுந்துவிட்டாள். நீ அதை மறந்திருப்பாய். அவள் மறக்கவில்லை. இங்கே மட்டாஞ்சேரிக்குத் திரும்பி வந்து இறங்கிய அன்று எனக்கும் ராசாத்திக்கும் சோறு போட்டுவிட்டு, "நீங்க சாப்பிடுங்க, எனக்குப் பசியில்ல" என்று அடுக்களைத் திரைக்குப் பின்னால் போய்விட்டாள். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். திரைக்குப் பின்னால் போனால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியவேண்டும். நடந்தபோது நீங்கள் இரண்டு பேரும் இங்கேதான் இருந்தீர்கள். ஆனால் விளையாட்டுப் பிள்ளைகள். பாதி பார்த்திருப்பீர்கள், பாதி பார்த்திருக்க மாட்டீர்கள்.

2

நம் வீடு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். முன்னால் ஒரு அறை, பின்னால் அடுக்களை, நடுவில் கதவு கிடையாது. அம்மாவின் பழைய பச்சைச் சேலையை இரண்டாக்கி நான்தான் ஆணி அடித்துத் திரை போட்டேன். காரணம், நம் வீட்டில் சாப்பிட வரும் ஆட்கள். மிளகும் சுக்கும் கட்டிவைக்கிற பாண்டிகசாலைகளில் மூட்டை தூக்க நம் பக்கத்திலிருந்து வந்தவர்கள், குடும்பம் ஊரில், இங்கே தனிக்கட்டைகள். மத்தியானம் ஐந்தாறு பேர் நம் வீட்டில் சாப்பிடுவார்கள். அவர்கள் முன்னறையில், அம்மா திரைக்குப் பின்னால். கை மட்டும் வெளியே வரும், கரண்டியோடு.

விடியற்காலை எழுந்தால் குழாயடியில் வரிசை, தண்ணீர், உங்களுக்குக் காலை ஆகாரம், பள்ளிக்கூடம், எனக்குச் சாயா, பிறகு அவ்வளவு பேருக்கும் உலை. பகலில் உட்கார்ந்த அம்மாவை நான் பார்த்ததில்லை. அவள் பருத்துக்கொண்டே போனாள். எனக்கு அது விளங்கவில்லை. ஓடியாடி வேலை செய்கிறவள், சாப்பிடுவதையும் யாரும் பார்த்ததில்லை, பிறகு எப்படி?

சாப்பிட வருகிறவர்களில் கந்தையா மாமா வாய்த்துடுக்கானவர். ஒரு நாள் திரையைப் பார்த்துக் கேட்டார்.

"மதினி, நீங்க சாப்பிட்டு நாங்க ஒரு நாளும் பாத்ததில்ல. காத்தைக் குடிச்சா இப்படி ஆகும்னா எங்களுக்கும் ஒரு தம்ளர் ஊத்துங்க."

திரைக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. "உங்களுக்கு ஊத்தினா மூட்டை தூக்குறது யாரு? உங்களைத் தூக்கத்தான் ரெண்டு ஆளு வேணும்."

எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

3

ராசாத்தி பிறந்த பிறகு அம்மாவின் தொப்புளுக்கு மேலே ஒரு புடைப்பு வந்தது. எலுமிச்சம்பழம் அளவு. படுத்தால் உள்ளே போகும், இருமினால் வெளியே வரும். அவள் யாரிடமும் சொல்லவில்லை. சேலைக் கொசுவத்தை இறுக்கிக் கட்டி மறைத்துக்கொண்டாள். ஒரு நாள் தண்ணீர்க் குடத்தோடு வாசலில் உட்கார்ந்து வலியில் உதட்டைக் கடித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

படகேறிக் காயலுக்கு அக்கரையில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டருக்குக் கொஞ்சம் தமிழ் வரும். தொட்டுப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"குடல் வெளிய வருது. ஆபரேஷன் வேணும். ஆனா இப்ப கத்தி வைக்க முடியாது. கொழுப்பு ஜாஸ்தி. தையல் நிக்காது, மயக்க மருந்தும் ஆபத்து. பன்னெண்டு கிலோ குறைச்சிட்டு வாங்க, தேதி தரேன்."

"குறையலைன்னா?" என்று கேட்டேன்.

"ஒரு நாள் அது வெளிய வந்து மாட்டிக்கும். உள்ள போகாது. அப்ப இங்க கொண்டுவர நேரம் கிடைச்சா அதிர்ஷ்டம்."

திரும்பி வரும்போது படகில் அம்மா காயலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். "பன்னெண்டு கிலோன்னா எவ்வளவுங்க?" என்று கேட்டாள். அப்போதுதான் கிலோக் கணக்கு புதிது. அவளுக்குச் சேரும் வீசையும்தான் தெரியும்.

அதைக் காட்டத்தான் ஞாயிற்றுக்கிழமை நான் வேலை செய்கிற பாண்டிகசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். முதலாளி சேட்டிடம் சொல்லிச் சாவி வாங்கியிருந்தேன். நீங்களும் வந்தீர்கள். மூட்டை நிறுக்கிற பெரிய தராசு, சங்கிலியில் தொங்குகிற இரண்டு பலகை. ஒன்றில் உட்காரச் சொன்னால் அம்மா மாட்டேன் என்றாள்.

"என்னை என்ன சுக்கு மூட்டைன்னு நெனச்சீங்களா?"

சங்கரா, நீ உடனே, "மூட்டைக்காவது காது இருக்கும், பிடிச்சுத் தூக்கலாம். அம்மாவை எங்க பிடிக்க?" என்றாய். அம்மா சிரித்துக்கொண்டே உன் முதுகில் ஒன்று வைத்தாள். சிரித்த சிரிப்பிலேயே பலகையில் உட்கார்ந்தும்விட்டாள்.

மறு பலகையில் நான் கல் வைத்தேன். ஒரு ஐம்பது, ஒரு இருபது, ஒரு பத்து, ஒரு இரண்டு. தண்டு நேராக நின்றது. பிறகு அந்தப் பத்தையும் இரண்டையும் எடுத்து அவள் கையில் கொடுத்துக் காட்டினேன். கை தாழ்ந்து போயிற்று.

"இவ்வளவையுமா நான் சுமந்துக்கிட்டு அலையுதேன்?" என்றாள். பிறகு கல்லைக் கீழே வைத்துவிட்டு, "இறக்கிருவேன்" என்றாள்.

அம்மா சொன்னால் செய்கிறவள். ஆனால் எப்படிச் செய்வது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

4

எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் விரதம். சாப்பாட்டைக் குறைப்பது என்றால் நம் சனங்களுக்கு வேறென்ன தோன்றும்? திங்கள் சிவனுக்கு, செவ்வாய் முருகனுக்கு, வெள்ளி அம்மனுக்கு, சனி பெருமாளுக்கு என்று அம்மா ஒருபொழுது பிடித்தாள். நடுவில் கிருத்திகையும் சஷ்டியும் வந்தால் அதுவும். "உடம்பும் குறையும், புண்ணியமும் சேரும்" என்றாள். எனக்கும் நல்ல யோசனையாகப் பட்டது.

ஒருபொழுது என்றால் ஒரு வேளைதான் சோறு. ராத்திரி சோறு கூடாது, பலகாரம் சாப்பிடலாம். பலகாரம் கணக்கில் வராது. எங்கே கணக்கில் வராது? சாமியின் கணக்கில். தராசின் கணக்கு வேறே என்று யாருக்குத் தெரிந்தது!

விரத நாள் ராத்திரி வீடு மணக்கும். நல்ல தேங்காய் எண்ணெய் விட்டுத் தோசை, ரவை உப்புமா, பக்கத்து வீட்டு ரோசா சேச்சி சொல்லிக்கொடுத்த இலை அடை, உள்ளே வெல்லமும் தேங்காயும். வடிவு, நீ விரத நாளை விரல்விட்டு எண்ணிக் காத்திருப்பாய். பகலெல்லாம் காய்ந்த வயிறு, அம்மா திரைக்குப் பின்னால் போய் ஆசை தீரச் சாப்பிட்டிருக்கிறாள். பாவம், தப்பு என்று அவளுக்கு எப்படித் தெரியும்? பக்தியோடுதான் சாப்பிட்டாள்.

ஓணம் கழிந்து மறுபடி பாண்டிகசாலைக்குப் போனோம். பலகையில் அம்மா தைரியமாக உட்கார்ந்தாள். பழைய கற்களையே வைத்தேன். அவள் பக்கம் தாழ்ந்தது. கல் குறைகிறதோ என்று எண்ணிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. மேலே ஒரு கிலோக் கல் வைத்தேன். அப்போதும் தாழ்வுதான்.

அம்மா தண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, சாமி கும்பிட்டதுக்குக் கூடவா எடை ஏறும்?" என்றாள். அழுவாளோ என்று பயந்தேன். அழவில்லை.

5

மறுநாளிலிருந்து விரதத்தை விட்டுவிட்டுப் பட்டினியில் இறங்கினாள். காலையில் பால் விடாத கட்டஞ்சாயா, மத்தியானம் வெந்நீர், ராத்திரி ஒரு வாழைப்பழம். என்னிடம் சாப்பிட்டாயிற்று என்பாள். திரைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று நான் எப்படி அறிவேன்? முகம் வெளுத்துக்கொண்டு வந்தது. ராசாத்தி மடியில் ஏறினால் எரிந்து விழுந்தாள்.

ஒரு நாள் காலை ரோசா சேச்சியின் சத்தம் தெருவெல்லாம் கேட்டது. சேச்சியை உங்களுக்குத் தெரியுமே, மெதுவாகப் பேசத் தெரியாதவர். ஓடிப்போய்ப் பார்த்தால் குழாயடியில் அம்மா விழுந்து கிடக்கிறாள். மண்குடம் சுக்கல். சேச்சி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்.

"எந்தா கோமதி இது? பட்டிணி கெடந்து சாகணோ நினக்கு? மூணு குட்டிகளில்லே!"

புடைப்பு வெளியே வந்திருந்தது. கல் மாதிரி இறுகிவிட்டது. டாக்டர் சொன்ன நாள் இதுதான் என்று நினைத்துவிட்டேன். நல்ல வேளை, படுக்க வைத்துக் கொஞ்ச நேரத்தில் அது தானாக உள்ளே போயிற்று. அன்றைக்கே அக்கரை போனோம்.

டாக்டருக்குக் கோபம். "யார் சொன்னது பட்டினி கிடக்க? நான் சொன்னேனா?" என்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அவர் என் பக்கம் திரும்பினார்.

"இவங்க ஒரு நாள் என்னென்ன சாப்பிடும்? நீங்க சொல்லுங்க."

கல்யாணமாகிப் பிள்ளைகள் மூன்று. ஒருநாள்கூட உங்கள் அம்மா சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அதைத்தான் சொன்னேன். "பாத்ததில்ல சார். எங்களுக்குப் போட்டுட்டுக் கடைசியிலதான் சாப்பிடுவா."

"கடைசியில என்ன இருக்கும்?"

இதற்கு அம்மாவே பதில் சொன்னாள். "இருக்கிறது இருக்கும் சார். பிள்ளைங்க தட்டுல வச்சது, பானையில ஒட்டினது, வந்தவங்க வேணாம்னு சொன்னது. ரேஷன் அரிசி, கொட்ட மனசு வருமா? சில நாள் ஒரு பிடி இருக்கும். சில நாள் மூணு பேரு சோறு இருக்கும். நின்னுக்கிட்டே வாயில போட்டுட்டுப் பாத்திரம் கழுவப் போயிருவேன்."

டாக்டர் கோபம் போய்ச் சிரித்துவிட்டார். "அம்மா, உங்க வயிறு மிச்சம் கொட்டுற பாத்திரம் இல்ல. பட்டினி வேணாம். மூணு நேரமும் சாப்பிடணும். உக்காந்து சாப்பிடணும். ஒரு தட்டு, அதுல பாதி காய், கீரை. எண்ணெயும் இனிப்பும் கொஞ்சமா. குடம் தூக்கக் கூடாது. தினம் நடக்கணும். மெதுவா குறையும். மெதுவா குறைஞ்சாத்தான் நிக்கும்."

6

அன்று ராத்திரி நடந்ததைத்தான் வடிவு முக்கியமாகப் படிக்கவேண்டும்.

முன்னறையில் தட்டு வைத்தாள் அம்மா. எனக்கு, உங்களுக்கு. நான் போய் இன்னொரு தட்டு எடுத்துவந்து என் பக்கத்தில் வைத்தேன்.

"இது யாருக்கு?"

"உனக்கு."

"நல்லாருக்கு! நீங்க சாப்பிடுங்க, நான் பொறவு."

"டாக்டர் சொன்னாரா இல்லையா?"

"டாக்டர் உக்காந்து சாப்பிடத்தான் சொன்னாரு. உங்களுக்கு முன்னால உக்காரச் சொன்னாரா? ஊருல யாராவது கேட்டாச் சிரிப்பாங்க."

"ஊரு மலைக்கு அந்தப் பக்கம் இருக்கு கோமு. சிரிச்சாலும் இங்க கேக்காது."

"உள்ள போய் உக்காந்து சாப்பிடுதேன், போதுமா?"

"திரைக்குப் பின்னால போனா நீ தின்னது மூணு பேரு சோறா, ஒரு வாழைப்பழமான்னு எனக்குத் தெரியாது. நீ உக்காருத வரைக்கும் நான் சோத்துல கை வைக்கப்போறதில்ல."

அவளும் உட்காரவில்லை, நானும் கை வைக்கவில்லை. சாளை மீன் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. சங்கரன் குழம்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். ராசாத்தி, "அம்மே, விசக்குந்நு" என்று அழுதாள். பசியை அவள் மலையாளத்தில்தான் அழுவாள்.

அப்போது நீ எழுந்தாய் வடிவு. அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாய். "எம்மா, நீ உக்காந்தாத்தான் அப்பா சாப்பிடும். அப்பா சாப்பிட்டாத்தான் எங்களுக்கு. உக்காரும்மா!" என்றாய். உன் இழுப்பில்தான் அம்மா உட்கார்ந்தாள். அப்பா பேச்சுக்கு இல்லை.

உட்கார்ந்தாள், ஆனால் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து. தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். யாராவது பார்த்தால் அவளுக்குச் சோறு இறங்காதாம். சுவரைப் பார்த்தால் என்ன, உட்கார்ந்தாள் அல்லவா?

7

அதற்குப் பிறகு மாற்றங்கள் ஒவ்வொன்றாக வந்தன. எல்லாம் சின்ன விஷயங்கள்தான். பிள்ளை குட்டிக்காரிக்கு, ஓயாமல் வேலை செய்கிறவளுக்கு, அதுதான் தோதுப்படும்.

மிச்சத்தைக் கொட்டுவது என்றால் அம்மா சம்மதிக்க மாட்டாள், எனக்கும் மனசு வராது. அதனால் மிச்சமே வராமல் பார்க்க முடிவு செய்தோம். உலையில் போடுகிற அரிசியில் ஒரு பிடி திரும்ப எடுத்துவைத்தாள். பானையில் மிச்சம் நின்றால் மறுநாள் இன்னொரு பிடி. உங்களுக்கும் சட்டம் போட்டேன், வேண்டுமட்டும் கேட்டு வாங்கு, வாங்கினதைத் தின்று எழு. சங்கரன் முதல் வாரம் கண்ணீரோடு கோவைக்காய் தின்றான்.

நடப்பதற்கென்று அம்மாவுக்குத் தனியாக ஏது நேரம்? ரோசா சேச்சிதான் வழி சொன்னார். வாசலுக்கு வருகிற மீனை வாங்காமல் இரண்டு பேரும் விடிந்ததும் போர்ட் கொச்சிக்கு நடந்து போய்ச் சீன வலைக்குப் பக்கத்தில் வாங்கி வருவார்கள். மீனும் புதிது, நடையும் ஆயிற்று. போகும்போது சேச்சியின் சத்தம், வரும்போது அம்மாவின் சத்தம். போகப்போக இரண்டு சத்தமும் சேர்ந்து கேட்டது. அவள் மலையாளம் திருந்தியது அந்த நடையில்தான்.

குடம் எனக்கு வந்தது. குழாயடியில் பொம்பளைகளுக்கு நடுவே ஆம்பிளை ஒருத்தன் குடத்தோடு நின்றால் எப்படி இருக்கும்? முதல் நாள், "தமிழன் சேட்டன் வெள்ளம் கோரான் வந்தே" என்று, நான் தண்ணீர் எடுக்க வந்ததைச் சொல்லிக் கைகொட்டினார்கள். இரண்டாம் நாளும் சிரித்தார்கள். பிறகு வரிசையில் எனக்கென்று ஒரு இடம் ஏற்பட்டுவிட்டது.

மத்தியானத்துக்குத்தான் கஷ்டம். ஆட்கள் வருமுன் சாப்பிட்டுவிடவேண்டும் என்று பேச்சு. ஒரு நாள் கந்தையா மாமா முந்தி வந்துவிட்டார். முன்னறையில் அம்மா தட்டோடு உட்கார்ந்திருக்கிறாள். எழுந்து ஓடப் பார்த்தாள்.

"இருங்க மதினி, இருங்க. காத்துக் குடிக்கிறதை இன்னைக்குத்தான் பாக்கேன்" என்றவர், வெளியே போய் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். பின்னால் வந்தவர்களையும் அங்கேயே நிறுத்தினார். "உள்ள மதினி சாப்பிடுதாங்க. கத்தாம நில்லுங்கடே." அன்று மூட்டை தூக்குகிற ஆறு பேர் பசியோடு நம் வாசலில் நின்றார்கள். யாரும் கேலி பேசவில்லை.

சுவரைப் பார்த்து உட்கார்ந்த அம்மா எப்போது திரும்பினாள் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. முதலில் ஒருக்களித்து உட்கார்ந்தாள். ராசாத்திக்கு முள் எடுத்துக் கொடுக்கத் திரும்பினாள். அப்புறம் உங்கள் பள்ளிக்கூடத்துக் கதை கேட்கத் திரும்பினாள். ஒரு நாள் பார்த்தால் என் எதிரே உட்கார்ந்து என்னிடம் உப்பு கேட்கிறாள்.

எடை மெதுவாகத்தான் இறங்கியது. சில தடவை தராசு அசையவே இல்லை. "இருக்கட்டும், ஏறலையே" என்று எழுந்து போவாள். அடுத்த மழைக்காலம் தொடங்கும் சமயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பத்துக் கிலோக் கல்லை நான் வைக்கவே இல்லை. ஐம்பதும் இருபதும் மட்டும். தண்டு ஆடி ஆடி நேரே நின்றது. பலகையில் அம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தாள், மூச்சு விட்டால் கெட்டுப்போகும் என்பது மாதிரி.

டாக்டர் சொன்னபடி தேதி கொடுத்தார். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர் சொந்த ஸ்தலம் எது என்று கேட்டார். நான் தென்காசி என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா முந்திக்கொண்டு "மட்டாஞ்சேரி" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அவளுடைய ஊர் அதுதானே, அவள் உட்கார்ந்து சாப்பிட்ட ஊர்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். உடம்பு திரும்பவும் பெருத்தால் தையல் விட்டுப்போகும், மறுபடி தைப்பது சுலபமில்லை.

8

இப்போது உங்கள் விஷயம்.

நீங்கள் மலையாளம் கடகடவென்று படித்தீர்கள். தமிழ் என்றால் எழுத்துக் கூட்டினீர்கள். சங்கரன் தன் பெயரையே மலையாளத்தில் எழுதி வைத்திருந்தான். அதற்குப் பயந்துதான் உங்களைச் சித்தப்பா வீட்டில் விட்டுப் படிக்க வைத்தேன். ரேஷன் ஆபீசில் உங்கள் பெயரைக் குறைக்கப் போனபோது, "ரெண்டு பிள்ளைகளும் போயாச்சு" என்றேன். அந்தக் கிளார்க் கண்ணாடியைக் கழற்றிவிட்டு "ஐயோ" என்றார். தென்காசிக்குப் படிக்கத்தான் போயிருக்கிறார்கள் என்று விளக்கி முடிப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

தமிழ் உங்களுக்கு வந்துவிட்டது. சந்தோஷம். ஆனால் தமிழோடு வேறொன்றும் வந்திருக்கிறது. காதுகுத்து அன்று சித்தப்பா என்னிடம் பெருமையாகச் சொன்னார். "அண்ணாச்சி, வடிவு தங்கமான பிள்ளை. எங்க எல்லாருக்கும் போட்டுட்டு, கடைசியில நின்னுக்கிட்டே தின்னுட்டுப் போயிரும்."

அவர் நல்ல மனசோடு சொன்னார். எனக்குப் பெருமையாக இல்லை வடிவு. பன்னிரண்டு வயதுப் பிள்ளை பானையில் ஒட்டினதைத் தின்பதற்காக நான் அங்கே அனுப்பவில்லை.

உன்னை நான் கோபிக்கவில்லை. நாலு பேர் சிரித்தால் யாருக்கும் கூசும். பெரியவர்கள் சிரித்தால் இன்னும் கூசும். ஆனால் முந்தானையைப் பிடித்து அம்மாவை உட்கார வைத்ததும் நீதான், தோளைத் தொட்டு எழுப்பினதும் நீதான். நான் சொன்னால் அம்மா கேட்கமாட்டாள். உன்னால்தான் முடியும். அதனால் இரண்டு காரியம் கேட்கிறேன். நாளையிலிருந்து நீ தட்டு எடுத்துவைத்து, சங்கரனோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடு. சித்தி கேட்டால் அப்பா சொன்னார் என்று சொல். அதட்டினால் சித்தியையும் உட்காரச் சொல். அவளும் முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறாள், நான் பார்த்தேன். அடுத்தது, அம்மாவுக்கு உன் கையால் நாலு வரி எழுது. என்ன எழுதவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். உனக்குத் தெரியும். அவளுக்குப் படிக்க வராது, நான் படித்துக் காட்டுவேன். எழுத்துப் பிழை இருந்தால் பரவாயில்லை.

சங்கரா, உனக்கு ஒன்றுதான். அக்கா உட்காருகிறவரை சோற்றில் கை வைக்காதே. பசித்தாலும் வைக்காதே. உனக்குப் பழக்கம்தானே.

இதை எழுதி முடித்தது ஞாயிற்றுக்கிழமை காலை. அம்மா, ராசாத்தியையும் கூட்டிக்கொண்டு சேச்சியோடு போர்ட் கொச்சிக்கு மீன் வாங்கப் போயிருந்தாள். நடையை மட்டும் அவள் இன்னும் விடவில்லை. வீட்டில் நான் மட்டும். காகிதத்தை மடித்து வைத்தேன், இந்தக் கடைசி வரிகள் பிறகு சேர்த்தவை. பிறகு எழுந்து போய் அடுக்களை வாசலில் தொங்கிய பச்சைத் திரையைக் கழற்றினேன். மூட்டை இழுக்கிற கொக்கியை எடுத்து இரண்டு ஆணியையும் நெம்பிப் பிடுங்கினேன். சுவரில் இரண்டு ஓட்டை தெரிந்தது. கொஞ்சம் சுண்ணாம்பு குழைத்து அதையும் அடைத்துவிட்டேன்.